பசோத்தோ வேந்தர் மொஷ்வேஷ்வே

சரித்திர ஏடுகளைப் புரட்டுவோர் கண்ணில் முதலிற் படுவோர் நாடு பிடித்த வேந்தரே. அவர்தம் போர்களையும் அப்போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளையும் நாம் தேர்வுக்கென நெட்டுருப் பண்ணி ஒப்புவிக்கின்றோம். போர் ஓய்ந்தபின் எரிந்த ஊர்களை மீளக் கட்டியவர் யாவர், ஒருவரையொருவர் கொன்று திரிந்த குலத்தாரை ஒரே மன்றில் அமர்த்தியவர் யாவர் என்று வினவின், விடை கூறவல்லார் நம்முட் சிலரே. அவ்வினாவிற்கு விடையாக நிற்போருள் ஒருவர் தென்னாப்பிரிக்க மலைநாட்டில் வாழ்ந்த மொஷ்வேஷ்வே மன்னர். பழைய ஆங்கில நூல்கள் இவரை மொஷெஷ் என்று குறுக்கி வழங்கும். இவரது வரலாற்றை நம் கல்லூரி அன்பர்களுக்கு இயன்ற அளவிற் கூற விழைகின்றோம்.

இன்று லெசோத்தோ என வழங்கும் நாடு நாற்புறமும் தென்னாப்பிரிக்காவினாற் சூழப்பட்டது. அந்நாட்டின் எப்பகுதியும் கடல் மட்டத்தினின்று 1,000 மீட்டருக்குக் கீழ்ப்பட்டதன்று. கிழக்கே டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடர் சுவரென நிற்ப, மேற்கே காலிடன் ஆறு பாய்கின்றது. அவ்வாற்றின் இருகரையும் சோளம் விளையும் நன்னிலம். மேய்ச்சற் புல்லும் மிகுதி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குச் சிறு குலங்கள் பல, தத்தம் தலைவர்கீழ் வாழ்ந்தன. ஒவ்வொரு குலமும் ஒரு விலங்கைத் தன் சின்னமாகப் போற்றிற்று. கொவேனா குலத்தார்க்கு முதலை. தவுங் குலத்தார்க்குச் சிங்கம். ட்லொக்வா குலத்தார்க்குக் காட்டுப்பூனை. மாடே அவர்கள் செல்வம். ஆதலின் ஒரு தலைவன் மற்றொருவன் நிரையைக் கவர்வதும், இழந்தவன் காலம் பார்த்து மீட்பதும் அடிக்கடி நிகழ்வன. எனினும் ஊரோடு ஊர் அழியும் பெருங்கொலையை அம்மக்கள் அதுகாறும் அறியார்.

கொவேனா குலத்தின் ஒரு சிறு கிளைக்குத் தலைவராயிருந்தவர் மொக்கச்சானே என்பவர். அவர்க்கு மகனாக ஏறக்குறைய 1786-ஆம் ஆண்டில் மென்க்வானெங் என்னும் ஊரில் நம் மன்னர் பிறந்தார். பிள்ளைக்கு இட்ட பெயர் லெபோகோ. பூசல் என்பது அதன் பொருளாம். பருவமெய்திச் சடங்கு நிகழ்ந்தபோது கட்டுபவன் எனப் பொருள்படும் லெட்லாமா என்னும் பெயரைத் தாமே பூண்டார். இவ்விரண்டும் நிலைக்கவில்லை. இளமையில் அயலூர்த் தலைவர் ஒருவரின் நிரையை ஓரிரவில் முற்றக் கவர்ந்து, அவர் தாடியை மழித்துவிட்டதாகப் பெருமை பேசினார். சவரக்கத்தி எழுப்பும் ஓசையைப் போலிசெய்து மொஷ்வேஷ்வே என்று பாடிக்கொண்டார். அப்பெயரே நின்றது. பிற்காலத்தில் அமைதிக்குப் பெயர்பெற்ற ஒருவர் திருட்டொன்றினாற் பெற்ற பெயரையே சாந்துணையும் தாங்கினார் என்பது வியத்தற்குரியதன்றோ!

இளமையில் அவர் சாந்தமூர்த்தியாய் இருந்தாரல்லர். புகழாசையும் முன்கோபமும் உடையவராய், சிறு பிழைக்கும் ஆட்களைக் கொன்றதுண்டு எனப் பசோத்தோ மக்களின் வழிவழிச் செய்தியே கூறுகின்றது. பெருந்தலைவனாகும் மருந்து யாரிடத்தாயினும் கிட்டுமோ என்று தேடி, மொஹ்லோமி என்னும் முதியவரை அடைந்தார். மொஹ்லோமி தாமும் ஒரு தலைவர், மருத்துவர், பல நாடுகளுக்கு நடந்து சென்று பல குலத்தாரோடும் நட்புப் பூண்டவர். ஆட்சிக்குரிய மருந்தென ஒன்றில்லை, உள்ளமே அம்மருந்து என்று அவர் இளைஞரைத் திருப்பிவிட்டார். ஏழைகளுக்குத் துணைநிற்குமாறும், வழக்குத் தீர்க்குங்கால் நடுநிலை பிறழாதிருக்குமாறும், சூனியக்காரர் என்று பழிசுமத்தி எவரையும் கொல்லாதிருக்குமாறும் அறிவுரை பகர்ந்தார். சில ஆண்டுகளில் மொஹ்லோமி இறந்தார். இளைஞரோ அன்றே மாறிவிடவில்லை. அறிவுரை உள்ளே கிடந்தது. அதனை முளைக்கச் செய்தது பின்வந்த கொடுமையே.

அக்கொடுமைக்கு லிஃபகானே என்று பெயர். 1822 முதல் டிராக்கன்ஸ்பர்க் மலையைக் கடந்து ஹ்லூபி, ங்வானே முதலிய கூட்டத்தார் ஒருவர்பின் ஒருவராய் ஓடிவந்தனர். வந்தவர் ட்லொக்வா குலத்தாரைத் துரத்த, துரத்தப்பட்டோர் மற்றவரைத் துரத்தினர். இதற்கெல்லாம் மூலம் ஜூலு வேந்தர் ஷாகாவின் படையெழுச்சியே என்று பழைய நூல்கள் ஒருமுகமாக உரைத்தன. 1980-களிலிருந்து ஆராய்ச்சியாளர் அதனை அத்துணை எளிதாக ஒப்புவதில்லை. நெடிய வறட்சியும், கீழைக் கடற்றுறைகளில் நடந்த தந்த வாணிகமும் அடிமை வாணிகமும், தெற்கிலிருந்து துப்பாக்கியுடன் வந்த கொள்ளைக்காரரும் ஆகிய பல காரணங்களை எடுத்துக்காட்டுவர். எவ்வாறாயினும் காலிடன் கரையில் நேர்ந்தது ஒன்றே. கதிர் முற்றுமுன் வயல்கள் கொள்ளையிடப்பட்டன, மந்தைகள் மறைந்தன, விதைப்பாரும் இல்லை. பசி முற்றிச் சிலர் குகைகளிற் பதுங்கி, வழிச்செல்வோரைப் பிடித்துத் தின்னவும் தலைப்பட்டனர். மனிதர் மனிதரைத் தின்னும் நிலைக்குத் தாழ்வது அவர்தம் பிறவிக் குணத்தால் என்று எண்ணுவார் உளரேல், அவர் பஞ்சம் இன்னதென அறியாதார்.

அக்காலை மொஷ்வேஷ்வே தம்மைச் சார்ந்த சிலரோடு பூதா பூதே என்னும் குன்றின்மேல் இருந்தார். 1824-இல் ட்லொக்வா குலத்தார் அதனை முற்றுகையிட்டனர். குன்றின்மேலிருந்தோர் பசியால் வாடினர். முற்றுகை ஒருவாறு நீங்கியதும், இக்குன்று போதாது என்று உணர்ந்த தலைவர் தென்மேற்கே வேறொரு மலை உண்டெனக் கேள்வியுற்று, நடுக்குளிர் காலத்தில் மக்களையும் எஞ்சிய மாடுகளையும் நடத்திக்கொண்டு புறப்பட்டார். வழி நூறு கிலோமீட்டருக்கு மேல். முதியோரும் பிள்ளைகளும் பின்தங்கினர். பின்தங்கியோருள் தலைவரின் பாட்டனார் பேட்டேயும் ஒருவர். நரமாமிசம் உண்போர் அவரைப் பிடித்துக் கொன்று தின்றனர். முன்சென்றோர் திரும்பிப்போய் மீட்கும் நிலையில் இல்லை.

அவர்கள் சேர்ந்த மலை தாபா பொசியு. இராக்கால மலை என்பது அதன் பொருள். இரவில் அது வளர்ந்து பெரிதாகும் என்று பகைவர் அஞ்சுமாறு கதையும் பரப்பப்பட்டது. உண்மையில் அது பெருமலையன்று. பள்ளத்தாக்கினின்று தனித்தெழுந்த மணற்பாறைக் குன்றேயாம். எனினும் அதன் உச்சி பரந்த சமவெளி. மந்தை மேயப் புல்லும் வற்றாத ஊற்றும் அங்குள. சுற்றிலும் செங்குத்தான பாறைச்சுவர். ஏறுதற்குரிய இடுக்கு வழிகள் சிலவே. அவற்றின் தலையிற் கற்களைக் குவித்துவைத்தாற் சிறுபடையும் பெரும்படையைத் தடுக்கலாம். அம்மலையை மொஷ்வேஷ்வேயின் வாழ்நாளில் எப்பகைவரும் கைப்பற்றியதில்லை.

மலைமேல் நிலைபெற்ற பின்னர் நிகழ்ந்ததொன்றே இவரை நமக்கு முதன்முதல் நெருங்கிக் காட்டுவது. பேட்டேயைத் தின்ற கூட்டத்தார் அவர்தம் தலைவன் ராகொட்சுவானேயோடு அகப்பட்டு, மன்னர் முன் கொண்டுவரப்பட்டனர். சூழ இருந்தோர் யாவரும் அவர்களைக் கொல்லுதலே முறை என்றனர். முறைதான், அக்குலங்களின் வழக்கப்படியும் இரத்தப் பழிக்கு இரத்தமே ஈடு. மொஷ்வேஷ்வேயோ, பாட்டனாரின் உடல் அடங்கிய கல்லறைகள் இவர்களே, முன்னோர் கல்லறையைக் கலைத்தல் தகாது என்று கூறினார். கூறியதோடு நில்லாமல் ஓர் எருதை அறுப்பித்தார். கல்லறையைத் தூய்மை செய்யுங்கால் எருதின் இரைப்பையிலுள்ள புற்குழம்பைப் பூசுவது அந்நாட்டு வழக்கம். அதனையே அம்மனிதர் மேனியிற் பூசுவித்துச் சடங்கை முடித்தார். பின்னர் மனிதரை வேட்டையாடுவதை விட்டொழிக்குமாறு ஆணையிட்டு, மாடும் நிலமும் கொடுத்துக் குடியேற்றினார்.

இதனை அருளென்பதா, அரசியற் சூழ்ச்சியென்பதா? இவ்வினா நம்முள் நெடிது எழுந்தது. நாம் எண்ணுமாறு, அவ்விரண்டையும் பிரித்தறுத்தல் வேண்டுவதில்லை. அந்நாட்டில் உயிர்பிழைத்திருந்தோருள் கொலையிற் கைதோயாதவர் எத்துணையர்? பழிக்குப் பழி என்று தொடங்கின், அரசாள மக்களே எஞ்சார். இதனை அவர் நன்கறிந்திருத்தல் வேண்டும். ஆனால் அறிந்தோர் எல்லாரும் தம் பாட்டனைத் தின்றவனை எதிரே நிறுத்தி அதனைச் செய்யமாட்டார். மன்னிப்பென்று வெறுஞ்சொல்லாற் கூறாமல், தம் மக்கள் அனைவர்க்கும் விளங்கும் ஒரு சடங்காக அதனை ஆக்கிய நுட்பமும் கருதத்தக்கது. பழிவாங்க நின்றோரும் கல்லறையைத் தொட அஞ்சுவர் அன்றோ? அவர்கள் கோபத்தை இகழாமல், அவர்கள் பற்றிய வழக்கத்தைக் கொண்டே அக்கோபத்தைத் தணித்தார்.

புறப்பகையை நடத்திய வகையும் இத்தகையதே. வலியார்முன் வணங்குதலை அவர் இழிவாகக் கொள்ளவில்லை. ஷாகாவுக்குக் கொக்கிறகுகளும் பிற பொருள்களும் திறையாக அனுப்பினார். ங்வானே தலைவர் மடிவானேக்கும் திறை கொடுத்தார். மடிவானே அதனால் நிறைவுறாது தாபா பொசியுவைத் தாக்கித் தோற்றார். 1828-இல் தெற்கே ஆங்கிலேயப் படையால் முறியடிக்கப்பட்டு, ஆளிழந்து அவ்வழியே மீண்டபோது, தங்கியிருக்க இடம் தருவதாக மொஷ்வேஷ்வே அவர்க்குச் சொல்லியனுப்பினார் என்பர். அவர் ஏலாது வடக்கே ஜூலு நாடு சென்று அங்குக் கொலையுண்டார். 1831-இல் முசிலிகாசியின் இண்டெபெலெப் படை மலையேற முயன்று, மேலிருந்து உருண்டு வந்த பாறைகளாற் சிதறிப் பின்வாங்கியது. திரும்பிச் செல்லும் அப்படையின்பின் மொஷ்வேஷ்வே கொழுத்த எருதுகளை ஓட்டியனுப்பினார். பசியே உங்களை என் நாட்டிற்குக் கொணர்ந்தது போலும். இவற்றை உண்டு அமைதியாக ஊர் சேருங்கள் என்பது அவர் விடுத்த செய்தியின் கருத்து. அப்படை மீண்டும் அம்மலைக்கு வரவில்லை. வென்றவன் தோற்றவனுக்கு விருந்திடுவதை இண்டெபெலெ வீரர் வேறெங்கும் கண்டிரார்.

இவ்வாறு பெயர் பரவவே, பல திசையினின்றும் சிதறுண்டோர் அம்மலையடியை நாடி வந்தனர். மோரோசியின்கீழ் ஃபூத்தி குலத்தார் தெற்கே அடங்கினர். மொலெட்சானேயின்கீழ்த் தவுங் குலத்தார் வந்து குடியேறினர். முன்னர்க் கொள்ளையிட வந்த ஹ்லூபி கூட்டத்தாரிற் சிலரும் புகலடைந்தனர். இவர்களுட் சிலர் பேசியது வேறு மொழி. அவர்களை ஒரே அச்சில் வார்க்க மன்னர் முயலவில்லை. பெருங்கூட்டமாய் வந்தோர் தம் தலைவனையும் தம் வழக்கத்தையும் வைத்துக்கொண்டனர். தனியே வந்தோர் ஊர்களிற் கலந்தனர். பசோத்தோ என்னும் பெயர் ஒரு குலத்தின் பெயராகாமல், அம்மலையைத் தஞ்சமாகக் கொண்டோர் எல்லார்க்கும் உரிய பெயராயிற்று.

வெறுங்கையோடு வந்தவர் உண்பது எங்ஙனம்? இங்கே மாஃபிசா என்னும் ஏற்பாட்டைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். மன்னர் தம் மந்தையிலிருந்து மாடுகளை ஏழைக் குடும்பத்திடம் ஒப்படைப்பார். மாடு மன்னருடையதே, கன்றும் அவருடையதே. பாலும், சுமைக்கும் உழைப்புக்கும் மாட்டைப் பயன்படுத்தும் உரிமையும் வளர்ப்பவனுக்கு உரியன. மாட்டைத் தன் பொருளெனப் பேணாதவன் அதனை இழப்பான். போரில் எல்லாம் இழந்த குடும்பத்திற்கு அடுத்த நாட் காலையிலேயே குழந்தைக்குப் பால் கிடைத்தது. மன்னர்க்கும் ஊதியம் உண்டு. அவர் மாடு எவ்வீட்டில் உளதோ அவ்வீடு அவர்க்குக் கடப்பாடுடையது. ஈகையெனினும் அரசியலெனினும் பொருந்தும். ஆனால் இதற்கு வேண்டிய மாடுகள் எங்கிருந்து வந்தன என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. 1829-இல் மலைக்குத் தெற்கே தெம்பு மக்கள்மேற் சென்று அவர் பெருநிரை கவர்ந்தார். ஒரு சார் மக்களின் பசி தீர்ந்தது மற்றொரு சாராரின் இழப்பினால். அவர் வரலாற்றை எழுதுவோரிற் சிலர் இதனை விரைந்து கடந்துபோவர்.

மன்னர் மணந்த மகளிர் மிகப்பலர். முதுமையில் அத்தொகை நூற்றைக் கடந்தது என்பர். ஒவ்வொரு மணமும் ஒரு குலத்தோடு உறவு. தம்பியரையும் மைந்தரையும் எல்லைப்புற ஊர்களில் தலைவராக இருத்தினார். இவையெல்லாம் பழைய அரசியல் முறைகளே. இவற்றினும் நம் மனத்தைக் கவர்வது பிட்சோ என்னும் பேரவை. பெருஞ்செயல் எதனையும் தொடங்குமுன் மன்னர் மக்களைக் கூட்டுவார். ஆடவர் எவரும் எழுந்து பேசலாம். மன்னரைக் குறைகூறியும் பேசலாம். அவ்வாறு பேசியவனைப் பின்னர்த் துன்புறுத்துதல் இழுக்கு. யாவரும் பேசி முடிந்தபின் இறுதியில் மன்னர் எழுந்து, அவையின் கருத்து எப்பக்கம் சாய்ந்தது என அறிந்து முடிவுரைப்பார். மகளிர்க்கு அவையிற் பேச இடமில்லாதது குறையே. எனினும், தலைவர் மணியை ஓங்கி அடித்தும் அடங்காத நம் விவாத சங்கக் கூட்டங்களைக் கண்டோர்க்கு, எல்லாரும் பேசிய பிறகே தலைவர் பேசுவது என்னும் அவ்வழக்கம் பொறாமையை உண்டாக்கும்.

1830-ஐ ஒட்டிப் புதுப்பகை ஒன்று தோன்றியது. கோரா என்னும் கூட்டத்தார் குதிரையேறித் துப்பாக்கியுடன் வந்து கொள்ளையிட்டனர். ஈட்டியும் பாறையும் இதற்குப் போதா. மன்னர் குதிரைகளையும் துப்பாக்கிகளையும் ஈட்டலானார். சில ஆண்டுகளில் அவர் மக்கள் தேர்ந்த குதிரைவீரராயினர். இதனிடையே ஆதாம் குரோட்ஸ் என்னும் கிரிக்வா வேட்டைக்காரர், வெள்ளையருள் அமைதியைப் போதிக்கும் ஆசிரியரும் உளர் என்று மன்னர்க்கு உரைத்தார். அத்தகையோர் ஒருவரை வரவழைக்க மன்னர் மாடுகளை அனுப்பினார்; அம்மாடுகளைக் கோரா கொள்ளையர் வழியிற் கவர்ந்தனர். ஆயினும் செய்தி சேர்ந்தது. 1833-இல் பாரிஸ் சுவிசேஷ மிஷனைச் சேர்ந்த இயூஜீன் கசாலிஸ், தாமஸ் ஆர்புசே, கான்ஸ்டன்ட் கொஸ்லேன் என்னும் மூவர் தாபா பொசியுவை அடைந்தனர். கசாலிஸுக்கு அப்போது வயது 20; நம்மில் இறுதி வகுப்பு மாணவர் ஒருவரின் வயது! அவ்வயதில் அவர் ஒரு மன்னரின் அவையில் அமரவும், பின்னாளில் அவர்தம் கடிதங்களை வெளிநாட்டு ஆளுநர்க்கு எழுதித்தரவும் வேண்டியவரானார்.

மலைக்குத் தெற்கே மொரிஜாவில் மிஷன் நிலையம் எழுந்தது. மன்னர் தம் மைந்தர் லெட்சியே, மொலாபோ இருவரையும் மக்கள் சிலரோடு அங்குக் குடியேற்றினார். புதிய விதைகளும் கனிமரங்களும் கோதுமையும் உருளைக்கிழங்கும் வந்தன. பின்னர்க் கலப்பை வந்தது. முன்பு மனிதர் மனிதரைத் தின்ற காலிடன் கரையிலிருந்து, அயலிலுள்ள வெள்ளைக் குடியானவர்க்குத் தானியம் விற்கப்படும் காலமும் வந்தது. மொழியிலும் பயன் விளைந்தது. கசாலிஸ் அம்மொழியை ஆராய்ந்தெழுதிய நூல் 1841-இல் பாரிஸில் அச்சாயிற்று. 1863-இல் அடோல்ப் மபீல் என்னும் பாதிரியார் மொரிஜாவில் லெசெலின்யானா என்னும் செய்தித்தாளைத் தொடங்கினார். சிற்றொளி என்பது அப்பெயரின் பொருள். அவ்வம்மக்களின் முதல் நாவலாசிரியராகிய தாமஸ் மொஃபோலோவின் கதை 1906-இல் அத்தாளிலேயே வெளிவந்தது.

மன்னர் சுவிசேஷத்தைச் செவிமடுத்தார். அதன் பொருட்டுத் தம் மக்களோடு வாதிடவும் செய்தார். மனைவியருட் சிலர் கிறிஸ்தவராக விரும்பியபோது அவர்களை மணவுறவினின்று விடுவித்தார். அவர் தாமோ நீண்டகாலம் ஞானஸ்நானம் பெறவில்லை. பெற்றிருப்பின், பழைய வழக்கத்தைப் பற்றிநின்ற முதியோரும் மனைவியர்தம் குலத்தாரும் பிரிந்துபோயிருப்பர். பாதிரிமார்க்கு இது பெருங்கவலை. அவர் உள்ளத்தில் ஆண்டவரைப் பற்றியும் அரசைப் பற்றியும் நிகழ்ந்த போராட்டத்தை அளந்துரைக்க நாம் யார்? 1862-இல் ரோமன் கத்தோலிக்கர் வந்தபோது அவர்க்கும் இடம் கொடுத்தார் என்பதையும் குறிக்க வேண்டும்.

1854-இல் வணிகர் சாராயம் கொணர்ந்து விற்பதைத் தடுத்து ஆணை பிறப்பித்தார். 1855-இல் சூனியக்காரர் எனக் குற்றஞ்சாட்டி ஒருவரைக் கொல்வோன் கொலைஞனேயாவான் என்று சட்டம் செய்தார். மொஹ்லோமி முதியவர் கூறிய மொழி நாற்பது ஆண்டுகளுக்குப்பின் எழுத்திற் பொறிக்கப்பட்டது. 1859-இல் வாணிகத்திற்கெனச் சட்டம் ஒன்று செய்து, கடை வைக்கும் வெள்ளையர்க்கு நிலம் உரிமையாகாது என்பதை உறுதிப்படுத்தினார். நிலம் பற்றிய அவர் அச்சம் வீணன்று. 1836 முதல் போயர் என்னும் டச்சு வழியினர் வண்டிகளிற் குடும்பத்தோடு வடக்கே வந்து, காலிடன் கரையில் மாடு மேய்க்க இடம் கேட்டனர். மன்னர் இசைந்தார். அவர் கொடுத்தது தங்கும் உரிமை. அவர்கள் பெற்றதாகக் கொண்டதோ நிலத்தையே. அவர்தம் மொழியில் நிலத்தை விற்றல் என்னும் கருத்தே இல்லாதபோது, இருதிறத்தாரும் ஒரே சொல்லை எங்ஙனம் விளங்கிக்கொள்வர்?

1843-இல் ஆளுநர் நேப்பியர் செய்த உடன்படிக்கை மன்னர் நிலத்தின் பெரும்பகுதியை ஒப்புக்கொண்டது. 1849-இல் மேஜர் வார்டன் கிழித்த எல்லைக்கோடோ அதிற் பெரும்பங்கைக் குறைத்தது. பூசல் பெருகிற்று. 1852-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆளுநர் கத்கார்ட் படையோடு வந்து, 10,000 மாடுகளும் 1,000 குதிரைகளும் மூன்று நாட்களுக்குள் தண்டமாகச் செலுத்த வேண்டும் என்றார். மன்னர் 3,500 மாடுகளைத் திரட்டியனுப்பினார். அது போதாதென்று டிசம்பர் 20-ஆம் நாள் பெரியா குன்றின் அருகே ஆங்கிலேயப் படை எழுந்தது. குதிரையேறிய பசோத்தோ வீரர் அதனை எதிர்த்து நின்று தடுத்தனர். அன்று மாலை வெற்றி பெரிதும் மொஷ்வேஷ்வேயின் பக்கமே.

அன்றிரவு அவர் செய்தது யாது? கத்கார்டுக்கு ஒரு கடிதம் எழுதுவித்தார். தாங்கள் தங்கள் வலிமையைக் காட்டிவிட்டீர்கள், மாடுகளையும் பெற்றீர்கள், தண்டனை போதும், இனிச் சமாதானம் அருளுங்கள் என்ற கருத்துடையது அக்கடிதம். இடருற்றிருந்த ஆளுநர் அதனைத் தழுவிக்கொண்டு, தாமே வென்றதாக அறிவித்துப் படையுடன் திரும்பினார். வெற்றி பெற்றும் வென்றேன் என்னாது, தோற்றவர் முகத்தைக் காத்து வழியனுப்பியது இது. முசிலிகாசிக்கு எருது அனுப்பியவர்க்கு இது புதிதன்று. இளம் வீரர் பலர் அன்று முணுமுணுத்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

மறுஆண்டே அவர் பழம்பகைவர் ட்லொக்வா தலைவர் செகொன்யேலாவைத் தாக்கி அடக்கினார். முப்பதாண்டு இழுபறியின் முடிவு அது. தோற்ற மக்களிற் பலரைத் தம் குடியாக ஏற்றார். அமைதி வேந்தர் என்று நாம் அவரைப் போற்றுங்கால், பொறுமையின் எல்லை வந்தபோது வாளும் எடுத்தவர் என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

ஆங்கிலேயர் 1854-இல் விலகினர். ஆரஞ்சு சுதந்திர நாடு என்னும் போயர் அரசு தோன்றிற்று. 1858-இல் ஒரு போர். 1865-இல் அதனினும் கொடிய போர். அவ்வாண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் லூ வெபனர் என்னும் போயர் படைத்தலைவர் தாபா பொசியுவின் இடுக்கு வழியில் ஏறுங்கால் சுடப்பட்டு வீழ்ந்தார். மலை விழவில்லை, ஆனால் கீழேயுள்ள வயல்கள் எரிந்தன. மன்னர்க்கு வயது எண்பதை எட்டியது. மைந்தர் ஒருமைப்படவில்லை, மொலாபோ தனியே பகைவரோடு உடன்பட்டார். 1866-இல், கதிர் அறுக்கும் பருவத்தில், நிலத்தை விட்டுக்கொடுத்துத் தற்காலிக அமைதி செய்துகொண்டனர். மக்கள் அதனைச் சோளத்தின் சமாதானம் என்றனர். மிஷனெரிமாரும் அப்போது வெளியேற்றப்பட்டனர். மறுஆண்டு போர் மீண்டும் மூண்டது.

சுதந்திர அரசராகச் சாவதா, மக்களைக் காக்க வேற்றரசின்கீழ் அடங்குவதா என்னும் நிலை அவர்க்கு வந்தது. வாழ்நாளெல்லாம் கட்டியதொன்றைத் தம் கையாலே மற்றொருவரிடம் ஒப்புவிப்பது எளிதோ? அவர் பல ஆண்டுகளாகவே ஆங்கில அரசியின் காப்பை வேண்டி வந்தார். ஆனால் தம் மக்கள் தம் சட்டப்படியே ஆளப்படல் வேண்டும் என்றும் கேட்டார். 1868-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் ஆளுநர் பிலிப் உட்ஹவுஸ் அந்நாட்டை ஆங்கில ஆட்சிக்குட்பட்டதாக அறிவித்தார். மறுஆண்டு வகுத்த எல்லை, காலிடன் ஆற்றின் மேற்கரையிலிருந்த நன்செய் போன்ற நிலத்தையெல்லாம் போயரிடமே விட்டது. அவ்விழப்பினால் பின்தலைமுறையினர் பலர் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குக் கூலிவேலை தேடிச் செல்ல நேர்ந்தது. எனினும் 1910-இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் அமைந்தபோது அந்நாடு அதனுட் கலக்கப்படவில்லை. 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் லெசோத்தோ என்னும் பெயருடன் விடுதலை பெற்றது.

மன்னர் இவற்றையெல்லாம் காண இருந்தாரல்லர். 1870-இன் தொடக்கத்தில் நோயுற்றுத் தளர்ந்தார். ஆட்சியை மூத்த மைந்தர் லெட்சியேயிடம் விட்டார். மீண்டுவந்த மிஷனெரிமார் மலைமேல் அவரை அடிக்கடி கண்டனர். முதியவர் இறுதியில் ஞானஸ்நானம் பெற இசைந்தார்; அதற்கு நாளும் குறிக்கப்பட்டது; மக்கள் திரளாக வருவதற்கு ஏற்பாடும் நடந்தது. அந்நாள் வருமுன், 1870-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், அவர் உயிர் நீத்தார். அந்நாளை அந்நாட்டார் இன்றும் விடுமுறையாகக் கொண்டாடுகின்றனர். தாபா பொசியுவின் உச்சியிலேயே அவரை அடக்கம் செய்தனர். அவர்க்குப்பின் வந்த தலைவர் பலரும், 1996-இல் இறந்த இரண்டாம் மொஷ்வேஷ்வே மன்னரும், அம்மலைமேலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.